திரும்பும் தேதி

என் மேசை இழுப்பறையில் நீளமான கணக்கு நோட்டு ஒன்று இருக்கிறது. 2020 கடைசியிலிருந்து 2022 மார்ச் வரை மாலத்தீவுக்கு நான் அனுப்பிவைத்த ஒவ்வொரு குடும்பத்துக்கும் அதில் ஒரு பக்கம். நோட்டைக் குறுக்குவாட்டில் திருப்பிவைத்துக் கட்டம் போட்டிருப்பேன். முதலில் நிரப்புவது வலது ஓரத்துக் கட்டத்தை: ஊர் வந்து சேரும் தேதி, நேரம். அதற்கு இடப்பக்கம் திரும்பும் விமானம். அதற்கும் இடப்பக்கம் அங்கே மூக்கில் மாதிரி எடுக்கும் காலை. இப்படியே பின்னால் நகர்ந்து நகர்ந்து கடைசியாகத்தான் கிளம்பும் நாளுக்கு வருவேன்.

கோவை காந்திபுரத்தில் டிராவல்ஸ் வைத்துப் பல வருஷமாகிறது. கொரோனாவுக்கு முன்னால் நானும் எல்லாரையும்போல முன்னாலிருந்துதான் எழுதினேன். எந்த ஊர், எந்த ஓட்டல், எத்தனை மணிக்குக் கார் வரும். திரும்பி வருவதைப் பற்றி ஒரு வாடிக்கையாளர்கூடக் கேட்டதில்லை. அது டிக்கெட்டிலேயே இருக்கும், அவ்வளவுதான். கொரோனா காலத்தில் போவதற்கு ஒரு நாட்டு விதி, வருவதற்கு இன்னொரு நாட்டு விதி, நடுவில் வாளையார் எல்லையில் தமிழ்நாடு, கேரளம் என்று இரண்டு மாநிலத்து விதி என்று ஆனபோது, நான்கு ராத்திரிப் பயணத்துக்கு ஒரு கல்யாணத்துக்குப் போடுகிற அளவு கணக்குப் போட வேண்டியிருந்தது. அந்தக் கணக்கை எப்படிப் போட்டேன் என்பதைத்தான் எழுத உட்கார்ந்தேன்.

முதலில் கணபதியில் லேத் பட்டறை வைத்திருக்கும் அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவருக்கும், நான் அக்கா என்று கூப்பிடும் அவர் மனைவிக்கும் கல்யாணமாகி 25 வருஷம் நிறைவதையொட்டி, 2020 ஏப்ரலில் மாலத்தீவு போவதாக இருந்தது. இரண்டு பேரும் அதுவரை விமானம் ஏறியதில்லை. பிள்ளைகள் இருவரும் சேர்ந்து பணம் போட்டு ஏற்பாடு செய்தார்கள். மார்ச் கடைசி வாரத்தில் இந்தியாவுக்கு வந்துபோகும் விமானங்கள் நின்றன. 27-ஆம் தேதி மாலத்தீவு, வந்திறங்கியதும் கொடுக்கும் விசாவை நிறுத்தியது. விமான நிறுவனம் பணமாகத் திருப்பித் தராமல், பின்னால் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று ‘கிரெடிட் ஷெல்’லில் போட்டது. அதாவது, பணம் அவர்கள் கணக்கிலேயே தூங்கும். பயணியிடம் பதில் சொல்ல வேண்டியவன் நான். அந்த வருஷம் சின்ன டிராவல்ஸ்காரர்கள் பலர் கடையைச் சாத்தியது வியாபாரம் இல்லாததால் மட்டுமில்லை. யாரோ பிடித்துவைத்திருந்த பணத்துக்காகத் தினமும் வசவு வாங்க முடியாமல்தான். அக்டோபர் 1-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் இந்த ரீஃபண்ட் விஷயத்தில் தீர்ப்புச் சொன்ன பிறகுதான் எங்களுக்கு மூச்சு வந்தது.

அதற்கு முன்பே, ஆவணி மாதம், என் கையிலிருந்த பணத்தை ஒரு கவரில் போட்டுக்கொண்டு பட்டறைக்குப் போனேன். அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். கவரைப் பார்த்ததும் வாங்க மாட்டேன் என்றார்.

“வெச்சிருங்க தம்பி. போகத்தானுங்க போறோம். இன்னைக்கு இல்லீன்னா நாளைக்கு.”

அந்த ஒரு வார்த்தைக்காகவே கடையை மூடாமல் வைத்திருந்தேன் என்று சொன்னால் மிகையில்லை.

2020 ஜூலை 15 அன்று மாலத்தீவு கதவைத் திறந்தது. அப்போது பாலிக்கு வெளிநாட்டவர் போக முடியாது. தாய்லாந்து போனால் 14 நாள் ஓட்டல் அறைக்குள் அடைந்து கிடக்க வேண்டும். மாலத்தீவால் மட்டும் எப்படி முடிந்தது என்று வருகிறவர்கள் எல்லாரும் கேட்பார்கள். காரணம் அந்த நாட்டின் அமைப்பிலேயே இருக்கிறது. கிட்டத்தட்ட 1,200 சின்னத் தீவுகள். 1972-இல் அங்கே சுற்றுலா தொடங்கிய காலத்திலிருந்து வளர்ந்த வழக்கம், ஒரு தீவுக்கு ஒரு விடுதி. தீவு முழுக்க அந்த விடுதிதான். வேலை செய்பவர்களும் அங்கேயே தங்குவார்கள். அக்கம்பக்கத்து ஊர் என்று ஒன்று கிடையாது. மற்ற நாடுகள் கஷ்டப்பட்டுச் செய்த தனிமைப்படுத்தலைக் கடல் அவர்களுக்குச் சும்மா செய்து கொடுத்தது. ஆகஸ்டில் இந்தியாவுக்கும் மாலத்தீவுக்கும் ‘ஏர் பபிள்’ ஒப்பந்தம் வந்தது. இரண்டு நாட்டு விமானங்களும் குறிப்பிட்ட தடங்களில் மட்டும் பறக்கலாம். அந்த 2020-இல், மாலத்தீவு போன வெளிநாட்டவரில் முதலிடம் இந்தியர்களுக்கு. அடுத்த வருஷம் ஏறத்தாழ 2 லட்சத்து 90 ஆயிரம் இந்தியர்கள் போனார்கள்.

இனி அந்தப் பக்கத்தின் கணக்கு. ஒரு சாதாரண நான்கு ராத்திரிப் பயணத்தை எடுத்துக்கொள்கிறேன். கொச்சியில் ஏறி, கொச்சியில் இறங்குவது.

ஊர் திரும்ப, இந்தியாவுக்குள் வரும் பயணி ‘ஏர் சுவிதா’ தளத்தில் விவரம் பதிந்து, ஆர்.டி.-பி.சி.ஆர். நெகட்டிவ் அறிக்கையை ஏற்ற வேண்டியிருந்தது. தொடக்கத்தில் அது பயணத்துக்கு 96 மணி நேரத்துக்குள் எடுத்ததாக இருந்தால் போதும். 2021 பிப்ரவரி 22 முதல் 72 மணி நேரம் ஆகிவிட்டது. ஆக, அங்கே இருக்கும்போதே ஒரு பரிசோதனை. விடுதியில் நர்ஸ் வந்து மாதிரி எடுப்பார். அது படகிலோ கடல் விமானத்திலோ மாலேயில் உள்ள ஆய்வகத்துக்குப் போகும். முடிவு வர ஒரு நாள், சில நேரம் ஒன்றரை நாள். அங்கே வெள்ளியும் சனியும் வார விடுமுறை. அதையும் சேர்த்துப் பார்த்தால், புறப்படுவதற்கு இரண்டு நாள் முந்தைய காலைதான் சரி. அதற்கு முன்னால் எடுத்தால் 72 மணி நேரம் தாண்டிவிடும். பின்னால் எடுத்தால் முடிவு வராமல் விமானம் போய்விடும்.

இரண்டு நாள் முந்தைய காலை என்பது நான்கு ராத்திரிப் பயணத்தின் நட்ட நடுவில் விழுகிறது. எல்லாரும் டால்பின் பார்க்கவோ மணல்திட்டுக்கோ போக விரும்பும் காலை அது. ஆகவே அன்று காலை எந்தப் படகும் கிடையாது, ஒன்பதரை மணிக்கு அறையில் இருக்க வேண்டும் என்று வவுச்சரின் மேலேயே தமிழில் எழுதி ஒட்டிவிடுவேன்.

நேரத்தில் இன்னொரு கண்ணி இருக்கிறது. மாலே நேரம் நம் நேரத்துக்கு அரை மணி பின்னால். ஆனால் விடுதிகளில் பல, விருந்தினர்கள் மாலை வெளிச்சத்தைக் கூடுதலாக அனுபவிக்கட்டும் என்று, கடிகாரத்தை மாலேயைவிட ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைத்திருக்கும். ‘தீவு நேரம்’ என்று அதற்குப் பெயர். விமான டிக்கெட்டில் மாலே நேரம், விடுதிப் படகு தீவு நேரத்தில், வீட்டிலிருந்து அம்மா ஃபோனில் சொல்வது இந்திய நேரம். 72 மணி நேரத்தை விரலில் எண்ணிக்கொண்டிருந்த காலத்தில் இந்த மூன்று கடிகாரமும் எத்தனை பேரைக் குழப்பியிருக்கிறது! என் நோட்டில் ஒவ்வொரு கட்டத்திலும் மூன்று நேரத்தையும் வேறு வேறு மையில் எழுதினேன்.

பிறகு தீவுக்குப் போகும் வழி. கடல் விமானம் பார்க்க அழகு. ஓட்டுகிறவர்கள் வெறுங்காலோடு ஓட்டுவார்கள். தண்ணீரில் இறங்கும்போது வயிற்றுக்குள் ஏதோ செய்யும். ஆனால் அது பகலில் மட்டும்தான் பறக்கும். பிற்பகல் மூன்றரைக்கு மேல் மாலேயில் இறங்கினால் அன்று தீவு போய்ச் சேர முடியாது. மற்றக் காலத்தில் மாலே பக்கத்தில் ஒரு ராத்திரி தங்கவைத்துக் காலையில் அனுப்பிவிடுவோம். திறந்த புதிதில் ஒரே விடுதியில்தான் முழுப் பயணமும் தங்க வேண்டும், இடம் மாற அனுமதி வாங்க வேண்டும் என்று இருந்தது. அதனால் விமானம் இறங்கும் நேரம்தான் விடுதியைத் தீர்மானித்தது. படம் காட்டி, ‘இந்த விடுதிதான் வேணும்’ என்று கேட்டு வந்தவர்களிடம் நான் முதலில் எடுத்து வைத்தது விமான அட்டவணையைத்தான். ஸ்பீட் போட்டில் முக்கால் மணி நேரத்துக்குள் போகிற தீவாகப் பார்த்துத்தான் பெரும்பாலும் கொடுத்தேன். விமான நிலைய வாசலிலேயே படகுத்துறை. இருட்டினாலும் படகு போகும். அந்த ஒரு காரணத்துக்காகச் சுமாரான கடற்கரையைக்கூட ஏற்றுக்கொள்ளச் சொன்னேன், இப்போதும் சொல்வேன்.

இனி கிளம்பும் பக்கம். மாலத்தீவுக்குள் போக 2020 செப்டம்பரிலிருந்து பி.சி.ஆர். கட்டாயமாக இருந்தது. அதை இங்கே எடுத்துக்கொண்டு, புறப்படும் முன் 24 மணி நேரத்துக்குள் ‘இமுகா’ தளத்தில் விவரம் பதிய வேண்டியிருந்தது. கேரளத்துக்குள் நுழைய ‘கோவிட் ஜாக்ரதா’ தளத்தில் தனிப் பதிவு. திரும்பி வரத் தமிழ்நாட்டு இ-பாஸ். கோவையிலிருந்து கொச்சி விமான நிலையம் இருக்கும் நெடும்பாசேரி சாதாரணமாக நான்கு மணி நேரம். ஆனால் 2021 ஜூலை கடைசியில் குதிரான் சுரங்கப்பாதை திறக்கும் வரை அந்த மேட்டில் ஒரு லாரி நின்றுவிட்டால் போதும். வண்டியில் உட்கார்ந்தபடி இரண்டு மணி நேரம் போய்விடும். ஏழு மணி நேரம் வைத்துத்தான் கார் அனுப்புவேன். நடுராத்திரியில் கிளம்பச் சொன்னதற்குக் கோபித்துக்கொண்டவர்கள் உண்டு.

இவ்வளவு கணக்குப் போட்டும் என்னைக் கவிழ்க்கப் பார்த்தது ஒரு இனிஷியல்.

ஆவணியில் 50 பேரோடு கல்யாணம் முடித்த ஒரு ஜோடி. தேனிலவு டிசம்பருக்குத் தள்ளிப்போயிருந்தது. பரிசோதனைக்கு இருவரும் ஆர்.எஸ்.புரம் பக்கம் ஒரு ஆய்வகத்துக்குப் போனார்கள். அங்கே வழக்கம்போல ஆதார் கேட்டார்கள். பெண் அதற்குள் ஆதாரில் கணவர் பெயரை மாற்றியிருந்தார். பாஸ்போர்ட்டிலோ அப்பா பெயர். அறிக்கையில் கணவரின் முதல் எழுத்தோடு பெயர் அச்சாகி வந்தது. நம் ஊரில் அது ஒரு விஷயமே இல்லை. கல்யாணமானால் இனிஷியல் மாறும், யாருக்கும் புரியும். ஆனால் மாலத்தீவு விதி தெளிவாகச் சொன்னது: அறிக்கையில் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடி இருக்க வேண்டும். நெடும்பாசேரி கவுண்டரில் இருந்தவர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, இது வேறு ஆள் மாதிரி இருக்கிறதே என்று நிறுத்திவிட்டார். அவர் மேல் தப்பே இல்லை. அவர் அனுப்பிவைத்து அங்கே இறக்கிவிடாமல் திருப்பி அனுப்பினால் பாடு யாருக்கு?

மாப்பிள்ளை ஃபோனில் பேசும்போது பின்னால் பெண் அழுவது கேட்டது. ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு ஆய்வகத்துக்கு ஓடினேன். அங்கே கம்ப்யூட்டரில் இருந்த தங்கச்சி, டாக்டர் கையெழுத்து வேண்டும், அவர் பதினோரு மணிக்குத்தான் வருவார் என்றது. பாஸ்போர்ட் பக்கத்தை என் ஃபோனில் காட்டி, நடந்ததைச் சொன்னேன். அந்தப் பெண் ஒன்றும் பேசாமல் டாக்டர் வீட்டுக்கு ஃபோன் போட்டது. நாற்பது நிமிஷத்தில் திருத்திய அறிக்கை வாட்ஸ்அப்பில் கொச்சிக்குப் போனது. கவுண்டர் மூட இருபது நிமிஷம் இருக்கும்போது இருவரும் போர்டிங் பாஸ் வாங்கினார்கள்.

அன்றிலிருந்து, ஆய்வகத்துக்குப் போகும்போது ஆதாரைக் கையில் எடுத்துக்கொண்டு போகவே வேண்டாம், பாஸ்போர்ட் மட்டும் போதும் என்று சொல்லி அனுப்பினேன். நம்மவர்கள் பெயர் விஷயம் இதோடு முடியாது. குடும்பப் பெயர் இல்லாத ஊர் நம்முடையது. பாஸ்போர்ட்டில் அந்தக் கட்டம் காலியாக இருக்கும். விமான டிக்கெட் எடுக்கும் இயந்திரமோ காலியை ஏற்காது. அதனால் ஒரே பெயரை இரண்டு தடவை போட்டு டிக்கெட் எடுப்போம். அந்த டிக்கெட்டைப் பார்த்து ஆய்வகத்தில் பெயரை எழுதினால் அங்கே ஒரு சிக்கல். எந்தக் காகிதத்தையும் இன்னொரு காகிதத்தைப் பார்த்து எழுதக் கூடாது. எல்லாம் பாஸ்போர்ட்டைப் பார்த்து மட்டுமே எழுத வேண்டும்.

இதற்கு நடுவில், 2020 அக்டோபர் முதல் வெளிநாட்டுப் பயணப் பேக்கேஜுக்கு 5 சதவீதம் டி.சி.எஸ். வரி பிடிக்க வேண்டும் என்று வந்தது. வருமான வரிக் கணக்கில் திரும்பக் கிடைக்கும் தொகைதான். “ஏனுங்க, கொரோனாவுல புதுசா இது வேறயா?” என்று கேட்டவர்களுக்கு உட்கார்ந்து விளக்கியே என் தொண்டை போனது.

2021 ஏப்ரல், இரண்டாம் அலை. மும்பை சினிமாக்காரர்கள் மாலத்தீவிலிருந்து படம் போட்டதற்கு நாடு முழுக்கத் திட்டு விழுந்துகொண்டிருந்தது. அந்தக் கோபம் நியாயமானதுதான். என் கடைக்கும் அந்த மாதம் விசாரிப்பு அதிகமாகத்தான் வந்தது. இங்கிருந்து தப்பிக்க நினைத்தவர்கள் அதில் பாதி. நான் புதிய பதிவு எடுப்பதை நிறுத்தினேன். ஒரு ஆள் இங்கிருந்து தொற்றோடு போய் ஒரு தீவில் இறங்கினால், அங்கே வேலை செய்யும் இருநூறு முந்நூறு பேர் அந்தத் தீவிலேயே அடைபட்டுக் கிடப்பார்கள் என்பது இந்தத் தொழிலில் இருக்கிற எனக்குத் தெரியாமல் இருக்குமா? ஏப்ரல் 27 முதல் இந்தியர்கள் உள்ளூர் மக்கள் வாழும் தீவுகளில் தங்கக் கூடாது என்றது மாலத்தீவு. மே 13 முதல் தெற்காசியச் சுற்றுலாப் பயணிகளுக்கே தடை. மே கடைசியில் தினசரித் தொற்றில் கோவை சென்னையைத் தாண்டியது. அந்த மாதம் என் நோட்டில் ஒரு வரிகூட இல்லை. லேத் பட்டறை அண்ணனுக்கு மே மாதம் போட்டிருந்த பக்கத்தைக் குறுக்கே கோடிட்டு அடித்தேன். இரண்டாவது தடவை.

ஜூலை 15 அன்று தடை நீங்கியது. செப்டம்பரில், இரண்டு டோஸும் போட்டு முடித்து, அண்ணனும் அக்காவும் கிளம்பினார்கள். இருபத்தைந்தாம் வருஷத்துக்குப் போட்ட திட்டம் இருபத்தாறில் நடந்தது. விமான நிலையத்தில் ஸ்பீட் போட் ஏறும்போது அண்ணன் வீடியோ கால் போட்டார். தண்ணீரைக் காட்டி, “தம்பி, அடி தெரியுதுங்க, பாருங்க” என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் காலை ஒன்பதரைக்கு மாதிரி எடுத்தார்கள். மறுநாள் மாலை விடுதியிலிருந்து எனக்கு மின்னஞ்சல் வந்தது. அக்காவுக்கு நெகட்டிவ். அண்ணனுக்குப் பாசிட்டிவ்.

நான் செய்த தப்பை இங்கே எழுதியாக வேண்டும். பயணக் காப்பீடு எடுத்துக் கொடுத்திருந்தேன். கோவிட் சிகிச்சைக்கும் உண்டு என்று பத்திரத்தில் இருந்தது. ஆனால் அது ஆஸ்பத்திரியில் சேர்ந்தால்தான். காய்ச்சல்கூட இல்லாதவர் விடுதி அறையில் தனித்திருக்கும் செலவுக்கு அதில் ஒரு ரூபாய் கிடையாது. அந்த வரியை நான் படித்திருந்தேன். படித்துவிட்டு, இது நமக்கு வராது என்று கடந்துபோயிருந்தேன். விதிகளை மணிக்கணக்கில் எண்ணிய நான், பாசிட்டிவ் வந்தால் என்ன என்ற கட்டத்தை நோட்டில் போடவே இல்லை. மாலே ஏஜெண்டோடு ராத்திரி ஒரு மணி வரை பேசி, கூடுதல் நாட்களுக்கு அறை வாடகையைப் பாதியாக்க வைத்தேன். அதிலும் ஒரு பங்கை நான் ஏற்றுக்கொண்டேன். அண்ணன் வேண்டாம் என்றார். இந்தத் தடவை நான் கேட்கவில்லை.

அக்கா மட்டும் கிளம்பி வரலாம் என்று சொன்னேன்.

“அவரை உட்டுப்போட்டு நான் வந்து என்னுங்க பண்ணப் போறேன்?”

பக்கத்து வில்லாவில் அக்காவைத் தங்கவைத்தார்கள். இரண்டு திண்ணைக்கும் நடுவில் இருபதடி மணல். சாப்பாட்டுத் தட்டு வாசலில் வைக்கப்படும். இரண்டு பேரும் அவரவர் திண்ணையில் உட்கார்ந்து, எதிரெதிரே பார்த்துக்கொண்டு, ஃபோனில் பேசிக்கொண்டிருப்பார்கள் என்று அவர்கள் பையன் சொன்னான். பட்டறை போட்ட நாளிலிருந்து சேர்ந்தாற்போல லீவு எடுக்காத மனிதர் அண்ணன். தனித்திருக்கத் தொடங்கிய நான்காம் நாள் அக்கா கூப்பிட்டார். சமையலறையில் யாழ்ப்பாணத்துப் பையன் ஒருவன் இருப்பதாகவும், பேச்சு வேறு மாதிரி இருந்தாலும் நம் தமிழ்தான் என்றும், இவர் சாப்பாடு இறங்கவில்லை என்று சொன்னதைக் கேட்டு அவன் ரசம் வைத்து அனுப்பினான் என்றும் சொன்னார். “நாக்குக்கு ருசி தெரியுதாமுங்க தம்பி” என்று சொல்லும்போது குரல் உடைந்தது. தொற்று வந்தவருக்கு ருசி தெரிகிறது என்றால் அது எவ்வளவு பெரிய செய்தி என்று அந்தக் காலத்தில் இருந்தவர்களுக்குத் தெரியும்.

திரும்பப் பரிசோதித்து, நெகட்டிவ் வந்து, ஏர் சுவிதாவில் நானே இங்கிருந்து இரண்டு பேர் விவரத்தையும் ஏற்றினேன். பெயரை எழுத்து எழுத்தாக மூன்று தடவை சரிபார்த்தேன். நெடும்பாசேரியில் இறங்கியதும் ஒரு ஃபோன். திருச்சூர் தாண்டி ஒரு ஃபோன். குதிரான் சுரங்கத்துக்குள் போகும்போது சிக்னல் அறுந்தது. அப்போது கேரளத்திலிருந்து வருகிறவர்கள் நெகட்டிவ் அறிக்கையோ இரண்டு டோஸ் சான்றிதழோ காட்ட வேண்டும். அவர்களிடம் இரண்டும் இருந்தது. இருந்தாலும் கடையைப் பூட்டாமல் உட்கார்ந்திருந்தேன்.

“வாளையார் தாண்டியாச்சுங்க தம்பி” என்றார் அக்கா. பின்னால் அண்ணன் டிரைவரிடம், காலையில் பட்டறை திறக்க வேண்டும், நேரே கணபதிக்கு விடு என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

நோட்டை எடுத்து அவர்கள் பக்கத்தைத் திருப்பினேன். வலது ஓரத்துக் கட்டத்தில் முதன்முதலில் எழுதியிருந்த தேதியின் மேல் ஒரு கோடு போட்டு, அதற்குக் கீழே அன்றைய தேதியை எழுதினேன். பக்கத்தில் நேரம்: இரவு 9.40.